வலி வந்து வந்து நிற்கிறவளோடு வந்திருப்பவர்களுக்கு

பிரசவ வார்டு வாசலில் வயர்கூடையும் ஃபிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணியுமாகக் காத்திருக்கும் அம்மாக்களே, மாமியார்களே, அண்ணிகளே, சித்திகளே, படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டே போனில் பேசும் கணவன்மார்களே,



பல வருடம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் செவிலியாக இருந்தவள் நான். அந்தக் காலம் முழுக்க உங்களோடு பேசியதெல்லாம் கதவை அரையடி திறந்து தலையை நீட்டித்தான். "துணி குடுங்க." "இங்க ஒரு கையெழுத்து." "இன்னும் நேரம் இருக்கு." நீங்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் கதவு சாத்தியிருக்கும். உள்ளே நாலு பேர் வலியில் துடிக்கும்போது வெளியே நின்று விளக்கம் சொல்ல யாருக்கு நேரம்? இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது மாதம் முடிந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் இடுப்பில் பிடித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை. ஆட்டோ பிடித்து ஓடி வருவீர்கள். பார்த்துவிட்டு, "ஒரு விரல்தான் திறந்திருக்கு, வலி கூடினா வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் வலி நின்றுபோகும். மறுநாள் பகலெல்லாம் ஒன்றும் இருக்காது. விளக்கு வைத்ததும் மறுபடி ஆரம்பிக்கும். இப்படி இரண்டு நாள், மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும்.

அந்த நாட்களில் அவளுடைய உடம்பு அவளைப் படுத்துவது பாதி. மீதிப் பாதி நீங்கள் படுத்துவது.

கோபப்படாதீர்கள், காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். "எனக்கெல்லாம் வலின்னு சொல்லி ரெண்டு மணி நேரத்துல பிள்ளை கையில இருந்துச்சு." "எதிர்வீட்டுப் பொண்ணுக்கு உனக்கப்புறம்தான் டேட்டு, அவளுக்கே பொறந்தாச்சு." "இதுக்கே இப்படிக் கத்துனா, நெச வலிக்கு என்ன பண்ணுவ?" நடுவில் ஊரிலிருந்து அத்தைமார்களின் போன். நீங்களாவது பதில் சொல்லி வைக்கலாம். அப்படிச் செய்யாமல் போனை அவள் கையில் கொடுத்து "நீயே சொல்லு" என்கிறீர்கள். அவளும் ஏதோ குற்றம் செய்தவளைப் போல, "இன்னும் இல்லத்த" என்று ஒவ்வொருவரிடமும் ஒப்பிக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது தடவை திரும்பி வரும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. மூன்றாவது தடவை வலித்தால் உங்களிடம் சொல்லவே யோசிப்பாள். எனக்கு இதுதான் பெரிய பயம். பனிக்குடம் உடைந்த பிறகும், மறுபடி திருப்பி அனுப்பினால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டு கிடந்து, தாமதமாக வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. அதனால்தான் பாதிச் சங்கடம். ஒன்பது மாதமும் பிள்ளையைக் கீழே இறங்கவிடாமல் தாங்கியது கருப்பைவாய். ஏறக்குறைய 3 செ.மீ. நீளத்துக்குக் கெட்டியாக மூடி, பின்பக்கம் பார்த்தபடி இருக்கும். அது முதலில் இளக வேண்டும், பிறகு முன்பக்கம் வர வேண்டும், நீளம் குறைந்து மெலிய வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் வேகமாகத் திறக்கும். தலைப்பிரசவத்தில் இந்த மெலிகிற வேலைதான் பெரும்பாலும் முதலில் நடக்கும். அடுத்த பிரசவங்களில் மெலிவதும் திறப்பதும் சேர்ந்தே நடப்பதால் நேரம் குறைகிறது. ஆக, முதல் பிள்ளைக்காரி இரண்டு ராத்திரி வலியில் கிடந்தும் விரல் கணக்கு ஏறாமலே இருக்கலாம். நேற்றும் "ஒரு விரல்", இன்றும் "ஒரு விரல்" என்று சொல்லியிருப்போம். ஆனால் நேற்று தடித்துக் கிடந்த வாய் இன்று பாதி மெலிந்திருக்கும். அந்த வித்தியாசம் உள்ளே பரிசோதித்த கைக்குத் தெரியும், வெளியே வந்து உங்களிடம் சொல்வதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் வலி நின்றுபோனால், "பாத்தியா, எல்லாம் நடிப்பு" என்று கிசுகிசுக்கிறீர்கள். பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தும் சக்தி உள்ளது. வீட்டில் இருட்டில், தெரிந்த பாயில் படுத்திருந்தபோது சீராக வந்த வலி, குழல்விளக்கு வெளிச்சத்தில், முகம் தெரியாதவர்கள் நடுவில், அட்மிஷன் சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அடங்கிப்போவதில் ஆச்சரியமே இல்லை. ராத்திரியில் வலி கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் இருட்டு நேரத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று, பிள்ளையின் முதுகு தாயின் முதுகுப் பக்கமாகத் திரும்பியிருந்தாலும் இடுப்புவலி அதிகமாகி, வலி வந்து வந்து நிற்கும். பெரும்பாலான பிள்ளைகள் வலி முற்றும்போது தானாகவே திரும்பிக்கொள்ளும்.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பது என்பீர்கள். நியாயமான கேள்வி. 1950களில் நியூயார்க்கில் எமானுவேல் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான பிரசவங்களை மணிக்கணக்கு பார்த்து வரைபடமாகப் போட்டார். இந்த ஆரம்பக் கட்டம் தலைப்பிரசவத்தில் 20 மணி நேரத்தையும், அடுத்தடுத்த பிரசவங்களில் 14 மணி நேரத்தையும் தாண்டினால்தான் நீண்டுவிட்டது என்று எண்ண வேண்டும் என்றார். உலகம் முழுக்க டாக்டர்கள் வெகுகாலம் அந்தக் கணக்கைத்தான் படித்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போனது. வாய் 5 செ.மீ. திறக்கும் வரை ஆரம்பக் கட்டம்தான், அதற்கு இத்தனை மணி நேரம் என்று வரையறை கிடையாது, ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும் என்றது. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் 5 செ.மீ.க்கு முன்னால் வலியைத் துரிதப்படுத்தும் சிகிச்சை வேண்டாம் என்றும் சொன்னது. மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் தள்ளிவைத்துவிட்டது. "போயிட்டு வாங்க" என்று சிஸ்டர் சொல்வது உங்களை விரட்டுவதற்காக என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே படுக்கையில் சேர்த்துவிட்டால் டிரிப்ஸில் வலியைக் கூட்டும் மருந்து ஏற்றுவதும், அடிக்கடி கைவிட்டுப் பார்ப்பதும், கடைசியில் ஆபரேஷனும் கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். சொல்கிற தொனி சரியில்லை என்றால் அதைக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொன்ன விஷயம் சரிதான்.

இனி நடை. ஒரு ராத்திரியை மறக்க முடியவில்லை. மணி இரண்டு இருக்கும். தாழ்வாரத்தில் ஒரு மாமியார் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பாதம் வீங்கி, ரப்பர் செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. வலி வரும்போது சுவரைப் பிடித்து நிற்பாள். விட்டதும், "ம், நட, நின்னா பிள்ளை ஏறிக்கும்" என்பார் அந்த அம்மா. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவரும் தூங்கவில்லை, அவருக்கும் முழங்கால் வலி. அதற்கு முந்தைய ராத்திரியும் இதே நடைதானாம். மறுநாள் மத்தியானம் நிஜமாகவே வாய் முழுதும் திறந்து, முக்க வேண்டிய நேரம் வந்தபோது அந்தப் பெண்ணிடம் தெம்பு இல்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

நின்றால் பிள்ளை ஏறிக்கொள்ளாது. வலி முற்றிய பிறகு, அவளுக்கே நடந்தால் தேவலை என்று தோன்றும்போது நடப்பது நல்லதுதான், நிமிர்ந்து இருப்பது உதவும். வந்து வந்து நிற்கும் இந்தக் கட்டத்தில் அவளுக்கு வேண்டியது தூக்கம். மாடிப்படி ஏற்றுவது, குத்த வைத்து வீடு துடைக்கச் சொல்வது, ராத்திரி ஊர்வலம், எல்லாம் அப்புறம் வேண்டிய சக்தியை இப்போதே செலவழிக்கிற காரியம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை கொடுங்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரை இடுப்பில் மெதுவாக ஊற்றுங்கள், பனிக்குடம் உடையாமல் இருந்தால் நிதானமாகக் குளிக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நினைவூட்டுங்கள். நிறைந்த பை வலியையும் கூட்டும், பிள்ளை இறங்குவதையும் தடுக்கும். தூக்கமே வரவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் போதுமா, ஓய்வுக்கு ஊசி வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். வீட்டு அலமாரியில் கிடக்கிற வேறு வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். கடைசி மாதங்களில் அவற்றில் சில பிள்ளையின் இதய ரத்த ஓட்டத்தையே பாதிக்கும்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் எடுத்து, நீர்ச்சத்து வற்றி, ஏற்கெனவே களைத்தவள் துவண்டு போவாள்.

சீரகத் தண்ணியைப் பற்றிக் கேட்பீர்கள். கொடுத்து, வலி நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி என்று நம் பாட்டிகள் பார்த்த கணக்கில் கொஞ்சம் விவரம் இருக்கிறது. நீர்ச்சத்து குறைந்தாலும் கருப்பை சுருங்கும். தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் அந்த வலி அடங்கும், பிரசவ வலி அடங்காது. ஆகவே தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ரத்தம் அதிகமாகப் பட்டாலோ தண்ணீர் போனாலோ சீரகம் கொதிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கைவசம் இன்னொரு சோதனையும் உண்டு. வலி வரும்போது அவள் வயிற்றின் மேல்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். மூக்கு நுனியைத் தொட்டது போல அமுங்கினால் இன்னும் ஆரம்பம். மோவாய் அளவுக்குக் கெட்டிப்பட்டால் கூடுகிறது. நெற்றியைத் தொட்டது போல அமுங்காமல் இருந்தால் வலி பலமாக இருக்கிறது. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. போனில் ஆப் வைத்துக்கொண்டு நொடிக்கணக்குப் பார்க்கும் தம்பிமார்களே, மணி பார்க்கிற வேலையை ஒரு அரை மணி நேரம் செய்தால் போதும். ராத்திரி முழுக்க "வந்துச்சா, வந்துச்சா" என்று எழுப்பிக் கேட்காதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் கெட்டிக்காரர்கள். கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இளநீர், எது இறங்குகிறதோ அது. "ஆபரேஷன் ஆனாலும் ஆகும்" என்று இரண்டு நாளும் பட்டினி போடுகிறீர்களே, அதுதான் புரியவில்லை. ஆபத்து அதிகம் இல்லாத பெண்கள் பிரசவ வலியிலும் சாப்பிடலாம், குடிக்கலாம் என்பதும் அதே 2018 வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு டாக்டர் சொல்படி கேளுங்கள். வீட்டில் இருக்கும்வரை பட்டினி எதற்கு?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது நாள் முடிவில் உங்களில் யாராவது ஒருவர் கதவைத் தட்டி, "எங்களால பாக்க முடியல, ஆபரேஷன் பண்ணிருங்க" என்கிறீர்கள். சில இடங்களில் பேச்சு இன்னும் விவரமாக இருக்கும்: "நாளைக்குக் காலைல நல்ல நேரம், ரோகிணி நட்சத்திரம், அதுக்குள்ள எடுத்துட்டா..." அவளைக் கேட்டீர்களா? பல சமயம் கேட்பதில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 64. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. இந்த வித்தியாசத்துக்கு டாக்டர்கள் காரணம், பில் காரணம் என்றெல்லாம் பேசுகிறோம், அதில் உண்மையும் இருக்கலாம். வாசலில் நின்று கதவைத் தட்டும் கையும் ஒரு காரணம் என்று யாரும் பேசுவதில்லை. சிசேரியன் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை. நஞ்சுக்கொடி வாயை அடைத்திருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், இதயத்துடிப்பு இறங்கினால் ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாது. ஆனால் உங்கள் பொறுமை தீர்ந்துபோனது அந்தப் பட்டியலில் வராது. அடுத்த கர்ப்பத்தில் பழைய தையல் தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு ரத்தம் கொட்டினால், இந்த ராத்திரியில் நல்ல நேரம் பார்த்தவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

பொறுத்திருங்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு இருங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பனிக்குடம் உடைந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள், பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் இன்னும் அவசரம். சளியோடு கலந்து இரண்டு சொட்டு ரத்தம் பட்டால் பயம் இல்லை. மாதவிலக்கு போலப் போனால் காத்திருக்காதீர்கள். பிள்ளையின் அசைவு குறைந்தது என்று அவள் சொன்னால், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம், விடியட்டும் என்றெல்லாம் சொல்லாதீர்கள். வலி வந்தாலும் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்க வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, காய்ச்சல், நடுவில் விடாமல் ஒரே பிடியாக இறுகி நிற்கும் வயிறு, இவற்றில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். 37 வாரம் நிறையாதவள், ஏற்கெனவே சிசேரியன் ஆனவள், இரட்டைப் பிள்ளைக்காரி, பிரஷர், சுகர் உள்ளவள், இவர்களெல்லாம் லேசான வலிக்கே வந்துவிட வேண்டும். நான் மேலே சொன்ன பொறுமை இவர்களுக்கு இல்லை. மற்றவர்கள், வலி 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் விடாமல் தொடர்ந்தால் கிளம்பலாம். வீடு தூரமென்றால், மலைக்கிராமமென்றால் அந்தக் கணக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முன்கூட்டியே வந்து தங்க இடம் உண்டா என்று உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஏழாம் மாதமே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் வெகுநாளாக இருக்கும் ஏற்பாடு. யார் போவது என்று வாசலில் நின்று சம்பந்திகள் முறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவளிடமே கேளுங்கள். அவள் கை காட்டுவது அம்மாவாக இல்லாமல் நாத்தனாராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருந்தாலும் மனத்தாங்கல் வேண்டாம். உள்ளே போகிறவர் முதுகைத் தடவிக்கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், அவள் பேசினால் பேசலாம். தன் பிரசவக் கதையை மட்டும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம்.

டேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் எழுதித் தரும் அந்தத் தேதியில் பிறப்பது இருபதில் ஒரு பிள்ளைதான் இருக்கும். அதை ஊருக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டு, பிறகு ஊர் கேட்கிறது என்று அவளைக் கேட்பது என்ன நியாயம்? தேதி தாண்டினால் எத்தனை நாள் காத்திருப்பது என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். போன் செய்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவன்மார்களே, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "பொறந்ததும் நாங்களே சொல்றோம்" என்று ஒரு செய்தி அனுப்பினால் வேலை முடிந்தது. அவள் போனை அணைத்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை சிஸ்டர் கதவைத் திறந்து "இன்னும் நேரம் இருக்கு" என்றால், எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. பிள்ளையின் துடிப்பு எப்படி இருக்கிறது, நேற்றைக்கு இன்று வாய் மெலிந்திருக்கிறதா, எதைக் கண்டால் நாங்கள் திரும்பி வர வேண்டும் என்று இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வாங்காமல் கதவைச் சாத்த விடாதீர்கள். வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய், இரண்டு இட்லி கொடுத்து, விளக்கை அணைத்துத் தூங்க விடுங்கள். விடியற்காலையில் வலி நின்றிருந்தால் அவளை எழுப்பாதீர்கள்.